ஏழு கேள்விக்கும் 'இல்லை'

1

மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் காரமடையிலிருந்து போன் வந்தது. மொரீஷியஸில் ஒரு துணி மில்லில், துணிக்குச் சாயம் ஏற்றுகிற பிரிவில் நான் டையிங் மாஸ்டர். இந்தத் தீவுக்கு வந்து பதின்மூன்று வருடமாகிறது. மெஷின்களின் இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. வெளியே வந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"தம்பி, மரகதம் பேசறனுங்க. அடுத்த மாசம் அவருக்கு வருசத் திதி வருதுங்க. நீங்க வரோணும்."

போன வருடம் இங்கே எங்கள் கண் முன்னால் கடலில் கணவரை இழந்தவர் மரகதம் அக்கா. அவரோடு எனக்கு உறவு எதுவும் கிடையாது. ஒரே ஒரு பகல் ஒரே படகில் போனோம், அதற்குப் பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார். அவ்வளவுதான் பழக்கம்.

"வாரேனுங்க அக்கா," என்றேன்.

"சுமதியையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. வந்துபோட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிறாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

என்ன கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடமும் இருந்தது. ஒரு வருடமாக அதைச் சொல்லாமலே வைத்துக்கொண்டு திரிந்தேன். காரமடை போய்விட்டு வந்து இப்போது இதை எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

2

அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம் நிறைந்தது. இத்தனை வருடம் தீவில் இருந்தும் நாங்கள் கேட்டமரான் என்கிற சுற்றுலாப் படகில் ஏறியதில்லை. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் மலை ரயிலில் ஏறாதது மாதிரிதான். அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. "ஒரு நாளாச்சும் நாமளும் டூரிஸ்ட்டா இருக்கலாமுங்க," என்று சுமதி சொன்னாள். சரி என்று மூன்று பேருக்குப் பதிவு செய்தேன். காலையில் புறப்பட்டால் சாயங்காலம்தான் திரும்புவது. ஒரு சின்னத் தீவு, வழியில் மீன் பார்க்கக் கடலில் இறங்குவது, படகிலேயே சுட்ட கோழியும் மீனும் சோறும். முப்பது பேர் சேர்ந்து போகிற படகு.

எங்கள் மகள் தன்யாவுக்குப் பதினான்கு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். பள்ளியில் பிரெஞ்சு, சிநேகிதிகளோடு இந்த ஊர்ப் பேச்சான கிரியோல், எங்களோடு ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பிறகு அந்தப் பதிலும் குறைந்து, காதில் ஹெட்போன் ஏறிவிட்டது. இரண்டு படகை ஒட்டி நடுவில் தளம் போட்டதுபோல் நின்ற அந்தக் கேட்டமரானைக் காட்டி, "இது நம்ம கட்டுமரம்ங்கற வார்த்தைதான் அம்மணி," என்றேன். "ஓகே," என்றாள். இவளுக்குத் தமிழ் போயே போய்விட்டது என்று நான் முடிவு கட்டிச் சில வருடம் ஆகியிருந்தது.

துறையில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்தப் பையக் கீழ வைக்காதீங்க. ஈரமா இருக்குதல்லோ."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பி, "ஏனுங்க, நம்மூருங்களா?" என்று கேட்டேன்.

"காரமடைங்க!" என்றார் அவர். "நீங்க?"

"போத்தனூருங்க."

அவ்வளவுதான். அடுத்த ஐந்து நிமிடத்தில் காரமடைத் தேரையும் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலையும் பேசி முடித்துவிட்டோம். அந்த அக்காவின் கணவர் பெயர் ரங்கசாமி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் அம்மா அப்பாவை ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அனுப்பியிருந்தான். புதுக் கேன்வாஸ் ஷூ, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "முப்பத்தி நாலு வருசம் கம்பத்து மேலயே இருந்தனுங்க தம்பி. தண்ணிக்குள்ள எறங்கறது இன்னைக்குத்தான்," என்று சிரித்தார். மரகதம் அக்கா தன்யாவின் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, என்ன படிக்கறே?" என்றார். தன்யா பதிலுக்குச் சிரித்து வைத்தாள்.

படகில் ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கடலில் இறங்குகிறவர்கள் நிரப்ப வேண்டியது. ஏழு கேள்விகள். இதய நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா, வலிப்பு, சமீபத்தில் அறுவை சிகிச்சை, இப்போது சாப்பிடும் மருந்துகள் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ரங்கசாமி அண்ணா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முன்னால் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஏற ஆரம்பித்துவிட்டது.

"குடுங்கண்ணா, நான் எழுதிர்றேன்," என்று வாங்கினேன்.

எங்கள் மூன்று பேருடைய தாளோடு அவர்கள் இரண்டு பேருடையதையும் தொடைமேல் வைத்து எழுதினேன். பெயர், பாஸ்போர்ட் எண், தங்கியிருக்கும் ஹோட்டல். பிறகு 'இல்லை' என்ற கட்டங்களில் மேலிருந்து கீழாக ஏழு டிக். பேனா நிற்கவே இல்லை.

"என்னென்னமோ கேட்டிருக்குதுங்களே?" என்றார் அண்ணா.

"எல்லாம் சும்மா சம்பிரதாயமுங்க. இங்க கையெழுத்துப் போடுங்க."

தமிழில் 'கா. ரங்கசாமி' என்று நிதானமாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

3

இதில் ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும்.

நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில், அப்பா வேலை பார்த்த போத்தனூர் ஸ்டேஷனில் போய் உட்காருவது வழக்கம். அங்கே ரிசர்வேஷன் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் பேனா வைத்திருக்கிறவர்களைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். நான் எழுதிக் கொடுப்பேன். முதலில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் எழுதினேன். வயது கேட்டால் பலருக்குச் சரியாகத் தெரியாது. நாளாக நாளாக முகத்தைப் பார்த்து நானே ஒரு வயதை எழுதினேன். மேல் பர்த்தா, கீழ் பர்த்தா என்பதையும் ஆளைப் பார்த்தே முடிவு செய்தேன். சீக்கிரம் முடிந்தது. யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. "தங்கமான பையன், என்ன வேகமா எழுதறான் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வேகத்தைத்தான் நான் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன். இங்கே புதிதாக வருகிற நம்மூர்ப் பையன்களுக்கு வங்கிப் பாரம், பெர்மிட் பாரம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்றே எழுதுகிறேன்.

4

பதினொரு மணிக்குத் தீவின் ஓரமாக நங்கூரம் போட்டார்கள். அடி மணல் தெரிகிற தண்ணீர். கண்ணாடியை எப்படி மாட்டுவது, வாயில் குழாயை எப்படிக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது என்று படகுக்காரர்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். அண்ணாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"நெசமாலுமே எறங்கோணுமுங்களா?" என்று தயங்கினார்.

"லைஃப் ஜாக்கெட் இருக்கறப்ப முங்கவே மாட்டீங்கண்ணா. இத்தனை தூரம் வந்துபோட்டுப் பாக்காமப் போவீங்களா?"

"போயிட்டு வாங்க. நான் வீடியோ எடுத்துப் பையனுக்குத் தாட்டி வுடறேன்," என்றார் மரகதம் அக்கா.

ஏணி வழியாக இறங்கினார். முதலில் உப்புத் தண்ணீர் குடித்துத் திணறினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முறை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க தம்பி! மஞ்சளும் ஊதாவுமா, நம்ம மூக்குக்கு முன்னாலயே போகுதுங்க! மரகதத்தையும் எறங்கச் சொல்லுங்க!"

மறுபடி முகத்தை உள்ளே வைத்தார். எனக்குக் குளிர் எடுத்தது. நானும் சுமதியும் மேலே ஏறி, படகின் முன்பக்கம் கட்டியிருந்த பெரிய வலையில் உட்கார்ந்தோம். தன்யா ஏற்கெனவே ஏறித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கீழே பத்துப் பதினைந்து பேர் குப்புற மிதந்தார்கள். எல்லாருக்கும் அதே ஆரஞ்சு ஜாக்கெட், எல்லாருடைய முதுகும் வெயிலில். மரகதம் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அக்கா, தலையைத் தூக்கவே மாட்டேங்கறாரு. நல்லாப் பழகிட்டாருங்க," என்றேன்.

"வெளையாட்டுப் பையனாட்டமில்ல இருக்குது," என்று அக்கா சிரித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் பேசிய இது அந்த வீடியோவில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பத்து நிமிடம் இருக்கலாம். பிறகு படகுக்காரர் விசில் ஊதினார். மிதந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தார்கள், நீந்தி வந்தார்கள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை. மறுபடி விசில். அலை அவரை லேசாகச் சுழற்றியது. அந்தச் சுழற்சியில் ஒரு கை, யாரும் நீந்துகிற மாதிரி இல்லாமல், தானாகத் திரும்பியது.

எனக்குப் புரிவதற்குள் இரண்டு படகுக்காரர்கள் குதித்துவிட்டார்கள்.

தளத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். ஒருவர் ரேடியோவில் கத்தினார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அதுவரை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுப்பில் கோழி கருகுகிற வாசனை வந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். கண் முன்னால் நடப்பது எங்கோ நடப்பதுபோல் இருந்தது. மரகதம் அக்கா போனை இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க," என்றார். "எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

கடலோரக் காவல் படகு வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை நெஞ்சை அழுத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்தியபோது அக்கா அழவில்லை. அண்ணாவுடைய கேன்வாஸ் ஷூ எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

5

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார்கள். அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான். அந்த அறையில் அந்தத் தமிழ் தெரிந்த ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதிகாரியின் சட்டைப் பெயர்ப் பட்டையில் நம்மூர்ப் பெயர் ஒன்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்தது. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழர் வழியில் வந்தவர், நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'வணக்கம்'. அதைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு நாக்கு குழறியது. 'அவர் எக்ஸ்பயர் ஆகிவிட்டார்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன், நம்மூரில் சொல்வதுபோல. "எது எக்ஸ்பயர் ஆனது? பாஸ்போர்ட்டா?" என்று கேட்டார் அதிகாரி. "இல்லை, மனிதர்," என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதினார்.

"கணவருக்கு ஏதாவது நோய் இருந்ததா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நெஞ்சுவலி வந்துதுங்க. கோயமுத்தூர்ல சேத்து ஸ்டென்ட் வச்சாங்க. மாத்திரை விடாமச் சாப்புட்டுட்டுத்தான் இருந்தாரு. இன்னைக்குக் காத்தாலகூட நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அந்தத் தாள், அந்த முதல் கேள்வி, என் பேனா. எப்படி மொழிபெயர்த்தேன் என்று தெரியவில்லை, ஆனால் அதை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். அதிகாரி பக்கத்திலிருந்த தாள்கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார்.

"இதில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று இருக்கிறதே. இதை யார் நிரப்பியது என்று கேளுங்கள்."

கேட்டேன். வேறு வழியில்லை.

"தம்பிதானுங்க எழுதிக் குடுத்தாரு," என்றார் அக்கா. குற்றமாகச் சொல்லவில்லை, அதிகாரியிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிற குரல். "எங்களுக்கு இங்கிலீசு வராதுங்களே. பாவம், அவரு வேலையையும் பாத்துட்டு எங்களுக்கும் சேத்து எழுதுனாரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "துறையில் வைத்து நிரப்பினார்கள். அவசரத்தில் இருந்தார்கள்."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா கையெழுத்துப் போட்டார். அதுவரை வெளியே காத்திருந்த சுமதி உள்ளே வந்து அக்காவைக் கழிவறைக்கு அழைத்துப் போனாள். நான் வெளியே வந்து காரைத் திறந்தேன். அதுவரை உள்ளே பெஞ்சில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த தன்யா என் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா." தமிழில் பேசினாள். "அந்த ஆன்ட்டி, தம்பி எழுதுனாருன்னு சொன்னாங்க. நீங்க அத சொல்லலை."

எதற்கு முதலில் அதிர்ந்தேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதற்கா, அதைத் தமிழில் சொன்னதற்கா.

"உனக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கு எப்பவும் புரியும்."

அவள் காதில் பாட்டு ஓடவே இல்லை என்று பிறகு சொன்னாள். நான் என்னென்னவோ சொன்னேன். வொர்க் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கப் போட்டிருக்கிறேன், போலீஸ் கேஸில் பெயர் வந்தால் நாம் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், உன் படிப்பு, அம்மாவின் வேலை. அவள் காரில் ஏறவில்லை. வெயிலில் அப்படியே நின்றாள்.

சுமதி திரும்பி வந்தபோது அக்காவை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருகிட்டக் கேக்காமயா எழுதுனீங்க?"

நான் கார்க் கதவைச் சாத்தினேன்.

"போங்க," என்றாள். "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

போனேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு புதுத் தாள் எடுத்து என் வாக்குமூலத்தைத் தனியாக எழுதினார். நான் நிரப்பினேன், கேட்காமல் நிரப்பினேன், என் கையெழுத்து. "கோரேக்," என்று தாளை மூடினார். இங்கே சரி என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். பிறகு, "அந்த அம்மாவுக்கு இது தெரியாது, இல்லையா? நீங்கள் சொல்கிறீர்களா, வேறு ஆள் வைத்து நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நானே சொல்கிறேன்," என்றேன்.

6

சொல்லவில்லை.

அக்கா மகனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அவனால் உடனே வர முடியவில்லை. அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினார். ஐந்து நாள் நான் மில்லுக்குப் போகாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்தில் ஒரு கடிதம், பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை. ஒவ்வொரு தாளிலும் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்?

"அவரு பேரு ரங்கசாமி மட்டுந்தானுங்க. முன்னால ஒரு எழுத்து, அது அவங்கப்பா பேரு," என்றார் அக்கா.

ஒரு அலுவலகம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியது. இன்னொன்று ரங்கசாமியையே இரண்டு முறை எழுதியது. இரண்டும் பொருந்தவில்லை என்று விமானக் கம்பெனி திருப்பி அனுப்பியது. அந்த ஐந்து நாளும் ஒவ்வொரு பாரத்தையும் நான் அக்காவிடம் ஒரு கேள்வி விடாமல் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். பிறந்த ஊர் என்ன, பிறந்த தேதி என்ன, வேறு பெயர் உண்டா. அவர் சலிக்காமல் சொன்னார்.

"இந்த ஊர்ல நீங்க இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பனுங்க தம்பி," என்று தினமும் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் சொன்னார், காரில் சொன்னார். சொல்லும்போதெல்லாம் சுமதி எழுந்து உள்ளே போய்விடுவாள். தன்யா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஆரம்பிப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால், இப்போது வேண்டாம், உடல் ஊர் போய்ச் சேரட்டும் என்று தோன்றும். அது அவருக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதும் சொல்லவில்லை.

பெர்மிட் நான்கு மாதம் இழுத்தது. போலீஸில் என்னை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் மாரடைப்பால் இயற்கை மரணம் என்று முடித்து, பெர்மிட்டும் கொடுத்தார்கள். அந்தப் படகில் இப்போது ஒவ்வொருவரிடமும் கேள்விகளை வாயால் கேட்டுத்தான் தண்ணீரில் இறக்குகிறார்களாம். மகன் கேட்டு எழுதியதால் விசாரணை அறிக்கையின் நகல் ஒன்று பெங்களூருக்குப் போனதென்று அதிகாரி போனில் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து காரமடையிலிருந்து போன் வந்தால் கடைசி மணி வரை விட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அக்கா எப்போதும் போலத்தான் பேசினார். அதனால் மகன் அந்த அறிக்கையைப் படித்திருக்க மாட்டான் என்று நம்பிக்கொண்டேன்.

7

திதியன்று காலை எட்டு மணிக்கே காரமடைக்குப் போய்விட்டோம். ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு. முப்பது நாற்பது பேர் உறவு. கூடத்தில் அண்ணாவின் படம். தொப்பி போட்டு, இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாக, வேலை பார்த்த காலத்தில் எடுத்தது. மகன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

காரியங்கள் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். சுமதியும் தன்யாவும் முன்னால் பெண்களோடு இருந்தார்கள். அக்கா என்னைச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அரிசி மூட்டைகளும் ஒரு பழைய கட்டிலும் இருந்தன. கதவைச் சாத்தினார்.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க," என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பாரத்தப் பத்தித்தானுங்களே?"

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பையன் அப்பவே படிச்சுச் சொல்லிப்போட்டான். நீங்கதான் எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு போட்டீங்கன்னு."

"தெரிஞ்சுமா அக்கா இத்தனை நாளு எங்கூடப் பேசுனீங்க?"

"ஒண்ணு கேக்கோணும்னு சொன்னனல்லோ. போன்ல கேட்டா மூஞ்சி தெரியாதுங்க." என் முகத்தை நேராகப் பார்த்தார். "நெஞ்சுல ஏதாச்சும் இருக்குதான்னு நீங்க அவருகிட்டக் கேட்டீங்களா? கேட்டு, அவரு இல்லைன்னு சொன்னாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவரு மறைக்கற ஆளுதானுங்க. ஸ்டென்ட் வச்சதையே ஆருக்கும் சொல்லக் கூடாதும்பாரு. நோவாளின்னு பேரு வந்துருமாம். அதனால அவரேதான் இல்லைன்னு பொய் சொல்லிப்போட்டு எறங்கியிருப்பாருன்னு எம்மனசுல வுழுந்துபோச்சு. ஒரு வருசமா அந்தப் படத்துக்கு முன்னால நின்னு திட்டறனுங்க தம்பி. வெளக்குப் பத்த வைக்கறப்பக்கூடத் திட்டறேன். மீனைப் பாக்கறதுக்காக என்னைத் தனியா வுட்டுட்டுப் போனியான்னு."

'ஆமாங்க அக்கா, கேட்டேன், இல்லைன்னுதான் சொன்னாரு.' வாக்கியம் முழுதாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதிலும் அதுதான். மறுத்துப் பேச அண்ணா இல்லை. அந்த அறையில் என் மகளும் இல்லை.

"கேக்கலீங்க அக்கா," என்றேன்.

"ஒரு வார்த்தகூட?"

"ஒரு வார்த்தகூடக் கேக்கலீங்க. அவருதான் என்னைக் கேட்டாரு, என்னென்னமோ எழுதியிருக்குதேன்னு. சும்மா சம்பிரதாயம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போட்டேன்."

அக்கா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. படம் இருக்கிற கூடத்துப் பக்கம், சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு பொய் சொல்லல," என்றார். மறுபடியும், யாரிடமோ சொல்வதுபோல, "பொய் சொல்லல பாரு," என்றார். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். இங்கே எங்கள் வீட்டில் இருந்த ஐந்து நாளிலும் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கிட்டப் போகலாமா, வெளியே போகலாமா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, எல போட்டாச்சு. இருந்து சாப்புட்டுப் போங்க," என்றார். கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, அதே குரலில், "மறுக்கா இந்த ஊட்டுக்கு வர வேண்டாமுங்க," என்றார்.

"சேரீங்க அக்கா," என்றேன்.

பந்தியில் சுமதிக்கும் தன்யாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பருப்பும் குழம்பும் யார் யாரோ பரிமாறினார்கள். ரசத்துக்கு அக்காவே வந்தார். தன்யாவிடம், "கண்ணு, வேணுமா?" என்று கேட்டு ஊற்றினார். என் இலைக்கு வந்தபோது எதுவும் கேட்கவில்லை. ஊற்றினார். "போதுங்க," என்று கையைக் காட்டிய பிறகும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். ரசம் சோற்றைத் தாண்டி இலை ஓரத்துக்கு ஓடியது. கையை அணையாக வைத்து, தலையைக் குனிந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.